பதினேழாம் கல்

பிப்ரவரி 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைப் பாதைக்கு அப்பாவின் பெயரை வைக்க நகர மன்றம் நேற்று மாலை ஒப்புக்கொண்டது. பதினான்கு உறுப்பினர்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. தீர்மானத்தின் நகலை மன்றச் செயலாளர் தன் கையால் என்னிடம் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அதை மூன்று முறை படித்துவிட்டேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கும் ஒரு முறை படித்துக் காட்டினேன். "உங்கப்பா என்ன, மந்திரியா இருந்தாரா?" என்றார். "இல்லம்மா, நில அளவர்," என்றேன். "அதுக்கா இந்தத் துள்ளு துள்றீங்க?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் நலமா? முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை என்று தங்கச்சி சொன்னாள். "எழுதச் சொல்லு, எழுத்துக்குக் காது வேண்டாம்" என்று சொல்லியனுப்பினீர்களாமே, அதனால் எழுதுகிறேன். நான் நலம். அப்பா போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம்.

பாதை ஜூலையில் திறக்கப்படும். தொடக்கத்தில் ஒரு பலகை வைக்கிறார்கள். அப்பாவின் வாழ்க்கையை நாற்பது வரியில் எழுதித் தரும் வேலை எனக்கு. பத்திரிகையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள்தான், ஆனாலும் நாற்பது வரிக்கு விஷயம் உங்களிடம்தான் இருக்கிறது. அளவுச் சங்கிலியின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை நீங்களும் இருபத்தாறு வருடம் பிடித்திருக்கிறீர்கள். நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். பெரியது சிறியது என்று நீங்கள் பிரிக்க வேண்டாம்.

ஒரு சந்தேகமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பாதை முழுவதும் நடந்தேன். ஆறு கிலோமீட்டரும் அருமை. பதினேழாம் எல்லைக் கல் அருகே மட்டும் மூச்சு நின்றுவிட்டது. தெற்கே ஒரு சுற்றுலா விடுதியின் வேலி, வடக்கே சரிவு, நடுவில் ஒரே ஒரு அடி. ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் அப்பா தாராளமாகப் பொது நிலம் விட்டு அளந்திருக்க, அங்கே மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கச்சியையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 19

அன்புள்ள நச்சரிப்புக்கு,

ஐந்து வயதில் நான் உனக்கு வைத்த பெயர் ஐம்பத்தெட்டு வயதிலும் கச்சிதமாகப் பொருந்துவதில் எனக்குப் பெருமை. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

கடிதம் வந்தபோது வீட்டில் யாருமில்லை. என் கண்ணாடி வேறு காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். படித்து முடித்தபோது அவரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு நம் மொழி தெரியாது, ஆனால் விஷயம் நல்லது என்பது என் முகத்தில் தெரிந்துவிட்டதாம். காபி போட்டுக் கொடுத்தேன்.

அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கே நிறுத்துவது? அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அதில் உட்கார்ந்தால் கால் ஆட ஆரம்பிக்கும், பதினைந்தாவது நிமிடம் எழுந்துவிடுவார். வெளியே கிளம்பினால் ஆளே வேறு. காற்றை மோந்து பார்த்து, "மத்தியானம் மழை இருக்குடா, கருவியை மூடி வை" என்பார். மழை வந்துவிடும். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். கேட்டால், "உக்காந்தா பாதி மலை மறைஞ்சிடும்டா" என்பார்.

அளவு முடிந்த அன்று கீழே இறங்க மனசே வராது அவருக்கு. வானம் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். பதிவேட்டில், 'மேகமூட்டம், வேலை தடைப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பாறைமேல் மல்லாந்து படுத்துக்கொள்வார். அந்த மேகத்துக்குச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இதைப் பலகையில் போட்டுவிடாதே.

அட்டைகளைப் பற்றியும் எழுதலாம். ஒரு மழைக்காலத்தில் என் ஒரு காலிலிருந்து மட்டும் இருபத்திரண்டு எடுத்தோம். அண்ணன் காலில் ஒன்றுகூட இல்லை. "உன் ரத்தம் இனிப்புடா" என்று சிரித்தார். என் பேத்திக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். என்னை 'மலைப்புலி' என்றுதான் கூப்பிடுகிறாள்.

நாற்பது வரி போதாது, அறுபது கேள்.

அன்புடன்,
சித்தப்பா


மார்ச் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மேகத்தைப் பலகையில் போட மாட்டேன். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டேன், அதை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த முறை செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. நேற்று நில அளவை அலுவலகத்தின் துணை ஆய்வாளர் செயற்கைக்கோள் கருவியோடு மலைக்குப் போய், பாதையின் கற்கள் எல்லாவற்றையும் அளந்தார். நானும் கூடப் போயிருந்தேன். முப்பத்தொரு கல்லில் முப்பது, வரைபடத்தில் அப்பா குறித்த இடத்திலேயே நிற்கின்றன. விரல் அகலம்கூடப் பிசகில்லை. பதினேழாம் கல் மட்டும் பதினொரு அடி வடக்கே, பொது நிலத்துக்குள் தள்ளி நிற்கிறது. துணை ஆய்வாளர் முப்பது வயதுகூட இருக்காத பெண். கருவியை மூன்று முறை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், உங்கப்பா கல்லு நட்டா ஊசி நூல் கோத்த மாதிரி இருக்கும்னு எங்க ஆபீஸ்ல சொல்வாங்க. இது என்னன்னு புரியல" என்றார்.

நான்கு வருடத்துக்கு முன் விடுதிக்காரர் அந்தக் கல்லை வைத்துத்தான் வேலி போட்டிருக்கிறார். அதாவது, நம் பாதையின் பதினொரு அடி அவருடைய புல்வெளிக்குள் இருக்கிறது. அந்த ஒரு அடி அகலத்தில் யாரையும் நடக்கவிட முடியாது என்று நகர மன்றம் சொல்லிவிட்டது.

அதைவிட மோசமான ஒன்று. நடைப்பயிற்சிச் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணக்காளர் மன்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். 'முப்பது கல்லைச் சரியாக நட்டவர் ஒன்றை மட்டும் தவறாக, அதுவும் பக்கத்து நிலத்துக்காரருக்குச் சாதகமாக நட்டது எப்படி?' என்று கேட்டிருக்கிறார். லஞ்சம் என்ற சொல் மனுவில் இல்லை. ஆனால் படித்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். பெயர் சூட்டும் தீர்மானம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

சித்தப்பா, அந்தக் கல்லை நட்டபோது அப்பாவும் நீங்களும்தான் அங்கே இருந்தீர்கள். பதினேழில் என்ன நடந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 27

அன்புள்ள நச்சரிப்புக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்டுவிட்டது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தபால்பெட்டி வரை நடக்க முழங்கால் விடவில்லை.

அந்தக் கணக்காளருக்கு அண்ணனைத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஒரு முறை ஒரு நிலக்காரர் எங்களுக்கு இரண்டு கூடை பழம் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் ஒரு கூடையைத் தொடவே இல்லை. இன்னொன்றைத் தூக்கி அவர் மாட்டுக்கே கொட்டினார். "மாடு அளவு பார்க்காது, அதுக்குக் கொடுங்க" என்றார். மாடு இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தது. நிலக்காரர் அலுவலகம் வரை வந்து திட்டினார். இதைப் பலகையில் தாராளமாகப் போடலாம்.

கிழக்குச் சரிவில் அளந்த அன்று நாங்கள் சாப்பிட்டது நான்கு அவித்த முட்டையும், ரொட்டியும், உப்பு போட மறந்த வெள்ளரிக்காயும். அண்ணன் நின்றுகொண்டு சாப்பிட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், எறும்பும் என்னோடு சாப்பிட்டது.

பதினேழாம் கல் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. முப்பத்துநான்கு வருடம் ஆகிவிட்டது, வயதும் ஆகிவிட்டது.

அன்புடன்,
சித்தப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வெள்ளரிக்காயில் உப்பு இல்லாதது நினைவிருக்கிற உங்களுக்குக் கல் நினைவில்லை. போகட்டும். கல் பேசிவிட்டது, அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று நில அளவை அலுவலகத்தின் ஆவணக் காப்பறையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து அப்பாவின் களப் பதிவேட்டைக் கண்டுபிடித்தேன். என் மூக்கில் இன்னும் தூசி இருக்கிறது. துணை ஆய்வாளர் பக்கத்தில் இருந்தார், நகலில் அவர் முத்திரை இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

'கல் 17. குறித்த இடத்தில் ஆள்காட்டிக் குருவி. தரையில் முட்டை நான்கு. குழி தோண்டவில்லை. சுற்றிலும் பாறை, வடக்கே பதினொரு அடியில்தான் மண் இருக்கிறது. கல் தற்காலிகமாக அங்கே நடப்பட்டது. குஞ்சு பொரித்துப் போனதும் உரிய இடத்துக்கு மாற்றப்படும். உரிய இடத்துக்குச் சாட்சி அளவுகள்: மேலதிகாரியிலிருந்து 62 அடி 4 அங்குலம். மாமியாரிலிருந்து 38 அடி 9 அங்குலம். தூங்குமூஞ்சியிலிருந்து 51 அடி.'

படித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். காப்பறை ஊழியர், "என்னம்மா, பூச்சி கடிச்சிடுச்சா?" என்றார். லஞ்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கு முட்டைக்காக ஒரு எல்லையை இரண்டு மாதம் காத்திருக்க வைத்திருக்கிறார் அப்பா.

துணை ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சாட்சி அளவுன்னா பக்கத்துல இருக்கிற அசையாத பாறை, கிணறு இப்படி எதுலேர்ந்தாவது அளந்து எழுதுவோம். கல்லு தொலைஞ்சாலும் இடம் தொலையாது. மாமியார்லேர்ந்து யாராவது அளப்பாங்களா மேடம்?" என்றார். பாறைகளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர்கள் என்று எனக்குப் புரிந்தது. எது யார் என்றுதான் புரியவில்லை. வரைபடத்துக்கும் கல்லுக்கும் வேறுபாடு வந்தால் கல்தான் செல்லுமாம். சாட்சி அளவுகளால் நிரூபித்தால் மட்டுமே கல்லை நகர்த்த முடியுமாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 13 தேதியிட்டு, முடிந்த வேலைகளின் பதிவேட்டில் ஒரு வரி: 'கல் 17 உரிய இடத்துக்கு மாற்றப்பட்டது. நேரில் பார்த்துச் சரி கண்டேன்.' கீழே அப்பாவின் கையெழுத்து. 'சென்று வந்தவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயர்.

கல் மாறவில்லை, சித்தப்பா. நீங்கள் போனீர்களா?

உங்கள் மகள்


ஏப்ரல் 16

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு சற்றுச் சரியில்லை. பிறகு எழுதுகிறேன். நீ நலமாக இரு.

சித்தப்பா


ஏப்ரல் 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உடம்புக்கு என்ன? தங்கச்சியிடம் போனில் கேட்டேன். "நல்லாத்தான்க்கா இருக்காரு, ஆனா பத்து நாளா டிவி போடல" என்றாள். அது காய்ச்சலைவிட எனக்குக் கவலையாக இருக்கிறது.

தகவல் மட்டும்: எல்லைக் கல் பற்றிய விசாரணை ஜூன் 2, காலை பத்தரை மணி. துணை ஆய்வாளர் சொன்னது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

உங்கள் மகள்


மே 4

அன்புள்ள நச்சரிப்புக்கு,

நீ கேட்டிருந்தால் இன்னும் பத்து நாள் ஒளிந்திருப்பேன். கேட்காமல் விட்டாய், அதனால் எழுதுகிறேன்.

நான் போகவில்லை.

அன்று காலை அண்ணனுக்குத் தலைமை அலுவலகத்தில் வேலை. "குஞ்சு பறந்திருக்கும். அடிவாரத்துல ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு மேல போய்க் கல்லை மாத்திட்டு வந்துடு" என்று என்னை அனுப்பினார். பேருந்திலிருந்து அடிவாரத்தில் இறங்கினேன். தூறல். மலையைப் பார்த்தேன், மலை என்னைப் பார்த்தது. எதிரே ஒரு குளிரூட்டிய தியேட்டர். உள்ளே போனேன். ஒரே படத்தை இரண்டு காட்சி பார்த்தேன். படம் மட்டம், நாற்காலி அருமை. மாலையில் வந்து "முடிஞ்சுதுண்ணே" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த நாள் கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்நாளில் கண்ணால் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். என்னை நம்பிப் போட்டார்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்றும் உண்டு. மலை எனக்குப் பிடிக்காது. ஒரு நாளும் பிடித்ததில்லை. வெயில் பிடிக்காது, அட்டை பிடிக்காது, உயரத்திலிருந்து கீழே பார்க்கப் பிடிக்காது. அண்ணன் கூப்பிட்டார், வேலை வாங்கித் தந்தார், போனேன். "என்னடா, காத்து எப்படி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "அமிர்தம்ணே" என்று சொல்லியே இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

இந்தக் கடிதத்தை விசாரணையில் கொடு. பாறைகளை வரைந்து இணைத்திருக்கிறேன். மேலதிகாரி தொந்தியோடு இருக்கும். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும். தூங்குமூஞ்சி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றின் தலையிலும் அண்ணன் உளியால் ஒரு சின்னக் கூட்டல் குறி வெட்டினார்.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம். இந்த வீட்டில் நான் மலைப்புலி.

சித்தப்பா


மே 10

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

அப்பாவுக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பரணிலிருந்து அப்பாவின் பைக்குறிப்பேடுகளை இறக்கினேன். மொத்தம் இருபத்தொன்பது. அந்த வருடத்துக் குறிப்பேட்டில் இருப்பது இது, நகலும் இணைத்திருக்கிறேன்:

'ஜூன் 12. தம்பி வந்தான். 17 முடிந்தது என்றான். காலையில் பார்த்த சட்டை மடிப்பு மாலையிலும் அப்படியே இருக்கிறது. செருப்பில் மண் இல்லை. கேட்கவில்லை.

'ஜூன் 13. கையெழுத்திட்டேன். இல்லாவிட்டால் அவன் வேலை போகும். நானே போய் மாற்றிவிடுகிறேன்.'

மாற்றவில்லையே, ஏன் என்று அடுத்த வருடத்துக் குறிப்பேட்டைத் திறந்தேன். 'ஏப்ரல் 9. 17-க்குப் போனேன். முட்டை நான்கு. திரும்பினேன். நல்ல காற்று.' அதற்கடுத்த வருடம்: 'ஏப்ரல் 11. 17. முட்டை மூன்று. திரும்பினேன். மேற்கே மேகம், பார்த்துக்கொண்டே இருந்தேன்.' அதற்கடுத்த வருடமும் ஏப்ரல். சித்தப்பா, ஒன்பது வருடம், ஒன்பது ஏப்ரல். வீட்டில் எங்களிடம் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லிவிட்டுப் போவாரே, அதுதான் இது. பத்தாவது வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை, அதோடு மலை நின்றுபோனது.

குறிப்பேடுகளைத் துணை ஆய்வாளரின் மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவதில் சிரிக்க ஆரம்பித்தார்.

"மேடம், குருவி வருஷம் பூரா முட்டை போட்டுக்கிட்டா இருக்கும்? செப்டம்பர்ல போயிருந்தா அரை மணி நேர வேலை."

"அப்பாவுக்கு அது தெரியாதா?"

"தெரிஞ்சுதான் ஏப்ரல்ல போயிருக்காரு. கல்லை மாத்திட்டா அப்புறம் மலைக்குப் போக என்ன காரணம் சொல்வாரு?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன். பிறகு அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "இதையெல்லாம் நான் பதிவு பண்ணணுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். குறிப்பேட்டை மறைத்தால், அப்பா தம்பியை நம்பி ஏமாந்தவர், அப்பழுக்கற்றவர். குறிப்பேட்டைக் கொடுத்தால், தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டவர், பொது நிலத்தின் கல்லை ஒன்பது வருடம் தன் சந்தோஷத்துக்காக அங்கேயே விட்டவர். அப்போது வேலி இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான். பெயர்ப் பலகை போகலாம் என்று துணை ஆய்வாளரே சொன்னார்.

உங்கள் கடிதம், குறிப்பேடு இரண்டையும் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் விஷயத்தில் பாதி உண்மையை ஒரு நாளும் அச்சுக்கு அனுப்பாதவளுக்கு, அப்பா விஷயத்தில் அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டால் சொல்லுங்கள்.

நேற்று உங்கள் படத்தோடு மலைக்குப் போனோம். தொந்தியுள்ள பாறைகள் நாற்பது இருக்கின்றன. "எல்லாமே எங்க பழைய மேலதிகாரி மாதிரிதான் இருக்கு" என்றார் துணை ஆய்வாளர். பாசி படிந்து கூட்டல் குறி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு வெறுங்கையோடு இறங்கினோம். பாறைகளை அடையாளம் காட்டாவிட்டால் கல் இருக்கிற இடமே எல்லை என்று தீர்ப்பாகிவிடும்.

தங்கச்சியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் மகள்


மே 17

அன்புள்ள நச்சரிப்புக்கு,

கோபம் இல்லை. குறிப்பேட்டு நகலை நான்கு நாளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அந்தச் சட்டையைப் பற்றி அண்ணன் எழுதியிருப்பது சரி. தியேட்டரில் சாய்ந்து உட்கார்ந்தால் கசங்கும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். தூறலில் மலை ஏறி இறங்கியவன் சட்டை கசங்காமல் இருக்காதே என்பது இந்த மூளைக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருடம் அவரோடு பேசினேன், சிரித்தேன், ஒரே தட்டில் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை, ஒரு பார்வை கிடையாது. ஒன்பது ஏப்ரலிலும் என்னைக் கூப்பிடவும் இல்லை. "உனக்கு வேற வேலை இருக்கும்டா, நான் போய்க்கறேன்" என்பார். எனக்கு மலை பிடிக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது படுகிறது.

நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் தங்கச்சி கரண்டியை வைத்துவிட்டு, "அப்பா, மாடிப்படி ஏறவே முகம் சுளிக்கிற ஆளு நீங்க. மலையை உங்களுக்குப் பிடிக்கும்னு நாங்க நம்பினோம்னு நெனச்சீங்களா?" என்றாள். பேத்திதான் விடவில்லை. "அப்போ நீங்க மலைப்புலி இல்லையா தாத்தா?" "இல்லம்மா, தியேட்டர் பூனை." அரை மணி நேரம் சிரித்தாள். இனி அதுதான் என் பெயர் போலிருக்கிறது.

மே 27 காலை வந்து இறங்குகிறேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. மருத்துவர் மலை கூடாது என்றார். "எனக்கும் அதே எண்ணம்தான் டாக்டர், நாற்பது வருஷமா" என்றேன். போகத்தான் வேண்டும் என்றதும் முழங்காலுக்கு உறை கொடுத்தார். பதினேழுக்கு விடுதிப் பக்கம் வண்டிச் சாலை இருக்கிறதாமே, அதில் ஏற்றிவிடு. மீதி தூரம் நீயும் அந்தத் துணை ஆய்வாளர் பெண்ணும் ஆளுக்கு ஒரு கை பிடியுங்கள். கீழே பார்க்கச் சொல்லாதீர்கள்.

சித்தப்பா


ஜூன் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேற்று மாலை வந்த அறிக்கையின்படி, பதினேழாம் கல்லின் உரிய இடம், அது இப்போது நிற்கும் இடத்துக்குத் தெற்கே பதினொரு அடி ஓர் அங்குலம். கையெழுத்து துணை ஆய்வாளருடையது. நகலை இணைத்திருக்கிறேன்.

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைத் தங்கச்சி சொன்னாள். முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது. உங்கள் போர்வை இன்னும் அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறது.

நீங்கள் இருந்து பார்த்ததுதான், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. விடுதியின் புல்வெளி வழியாக உங்களை நடத்திக்கொண்டு போனபோது, காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே வந்து, பாதியில் நின்று, திறந்து, நேராகக் கை நீட்டி, "அதோ மாமியார்" என்றீர்கள். துணை ஆய்வாளர் ஓடிப்போய்ப் பாசியைச் சுரண்டினார். கூட்டல் குறி. அவர் அங்கிருந்து போட்ட சத்தத்தில் விடுதிச் சமையல்காரர் வெளியே வந்துவிட்டார். மேலதிகாரியைக் காட்ட உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தூங்குமூஞ்சி மட்டும் சரிந்து உருண்டுவிட்டிருந்தது. இரண்டு அளவே போதும் என்று விசாரணை அதிகாரி ஏற்றுக்கொண்டதை நீங்களே கேட்டீர்கள். இரண்டு பாறையிலிருந்தும் இழுத்த அளவு நாடாக்கள் கூடிய இடத்தில் விடுதிக்காரரின் ஊஞ்சல் இருந்தது. "கல்லு அங்க இருக்கு, நீங்க என் ஊஞ்சலை அளக்கறீங்க" என்று அவர் கத்த, நீங்கள் அதே ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "நாற்காலி அருமை தம்பி" என்றீர்கள். அந்த நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார். விசாரணையில் அவருடைய வக்கீல் சிரிக்கவில்லை.

மனுக் கொடுத்த கணக்காளர் முந்தாநாள் வீட்டுக்கு வந்தார். குறிப்பேடுகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒன்பது ஏப்ரலையும் படித்தார். "நான் கேட்டது தப்பில்லம்மா" என்றார். "தப்பில்லை சார்" என்றேன். மனுவைத் திரும்பப் பெறப்போவதில்லை, ஆனால் மன்றத்தில் தானே எழுந்து பேசப்போவதாகச் சொன்னார். என்ன பேசுவார் என்று சொல்லவில்லை.

பலகைக்கான நாற்பது வரியையும் கொடுத்துவிட்டேன். முட்டை இருக்கிறது, பொய்க் கையெழுத்தும் இருக்கிறது. உங்கள் தியேட்டரும் இருக்கிறது, மன்னியுங்கள். இவ்வளவையும் படித்த பிறகு ஒரு பாதைக்கு இவர் பெயரை வைப்பதா என்று உறுப்பினர்கள் இரண்டு பேர் கேட்டிருப்பதாகச் செயலாளர் சொன்னார். கேட்கட்டும்.

நிலுவையில் இருப்பவை: அறிக்கைக்கு விடுதிக்காரர் ஆட்சேபம் தெரிவிக்க ஜூன் 30 வரை அவகாசம். அதுவரை வேலி அங்கேயேதான் இருக்கும். பெயர் பற்றி நகர மன்றம் ஜூலை 9, மாலை நான்கு மணிக்குக் கூடி முடிவு செய்யும். இன்னொன்று, நீங்கள் என்னிடம் சொல்லாமல் துணை ஆய்வாளரிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போன விண்ணப்பம். நேற்றுதான் எனக்குக் காட்டினார். அந்த ஜூன் 13 பக்கத்தில், அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே, 'நான் போகவில்லை' என்று எழுதி நீங்களும் கையெழுத்திட அனுமதி கேட்டிருக்கிறீர்கள். பழைய பதிவேட்டில் இப்படி யாரும் கேட்டதில்லையாம், விதியும் இல்லையாம். இருந்தாலும் கோப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். பதில் ஜூலை முதல் வாரத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறார்.

உங்கள் மகள்